தள்ளுபடிக்கு வந்த மலைச் சைக்கிளும் தீவின் உப்புக் காற்றும்

தமிழில் ‘தள்ளுபடி’ என்ற சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது. கடையில் விலை குறைக்கப்படும்போதும், வங்கியில் கடன் விட்டுக்கொடுக்கப்படும்போதும், நீதிமன்றத்தில் மனு ஏற்கப்படாதபோதும் இதே சொல்தான். முதலிரண்டில் கேட்டவருக்கு ஆதாயம், மூன்றாவதில் இழப்பு. கியர் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கி, பிறகு கையில் பணம் சேரச் சேர அதன் பாகங்களை ஒவ்வொன்றாக உயர்த்திக்கொள்ளலாம் என்று கணக்குப்போடும் மாணவருக்கு முதற்பொருளும் மூன்றாம்பொருளும் ஒன்றாகவே வந்துசேர்கின்றன. விலை எவ்வளவு குறைந்தது என்பது அட்டையில் பெரிதாக அச்சாகியிருக்கிறது. தொழில்துறை எதை இனி ஏற்பதில்லை என்று ஒதுக்கியதால் அவ்விலை குறைந்தது என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. மேம்படுத்தும் திட்டம் நிறைவேறுமா, பாதியில் நிற்குமா என்பதை முடிவுசெய்வது இந்த எழுதப்படாத பகுதியே.

பொதுவாகப் பேசினால் இது வெறும் நுகர்வோர் அறிவுரையாகச் சுருங்கிவிடும். ஆகவே ஓர் இடத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. அந்தமானின் தலைநகரில், மீன் இறங்குதளத்தை ஒட்டிய பகுதி ஜங்லிகாட். 2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்பட்டது. ‘போர்ட் பிளேயர்’ மக்கள் நாவிலிருந்து இன்னும் இறங்கவில்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தெலுங்கர், வங்காளியர், ராஞ்சியிலிருந்து வந்தோரின் வழியினர் எனப் பலரும் கலந்து வாழும் இந்நகரில் கடைத்தெருவின் பொதுமொழி இந்தி. நகரம் சமதரையில் அமைந்ததன்று. ஏறாமலும் இறங்காமலும் ஒரு கிலோமீட்டர் செல்வது அரிது. ஜங்லிகாட்டில் அறையெடுத்துத் தங்கி, புரூக்‌ஷாபாத்தில் உள்ள புதுவைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு நாள்தோறும் சென்றுவரும் ஒரு முதுகலை மாணவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்குக் கியர் சைக்கிள் ஆடம்பரம் அல்ல. ஏற்றம் இருக்கிறது, உதவித்தொகை சிறிது, பெட்ரோலும் கப்பலில்தான் வருகிறது.

அவர் பார்க்கும் விளம்பரம் இப்படி இருக்கும் என்று கொள்வோம்: 24,000 ரூபாய் மதிப்புள்ள சைக்கிள், இப்போது 15,000 மட்டும்; இருபக்க டிஸ்க் பிரேக், முன்புறம் சஸ்பென்ஷன், 21 கியர். அந்த 24,000 என்ற எண்ணை யார் வைத்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதிகபட்ச சில்லறை விலை என்பது உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ தாமே அறிவிக்கும் எண். எதிலிருந்து குறைக்கப்படுகிறதோ அந்த எண்ணையும் குறைப்பவர் தரப்பே நிர்ணயிக்கும் நிலையில், தள்ளுபடியின் விழுக்காடு ஒரு மொழிச்செயலாக அமைகிறதே அன்றிக் கணக்காக அமைவதில்லை. ஆனால் எல்லாத் தள்ளுபடியும் இத்தகைய சொல்விளையாட்டு என்றும் சொல்லிவிட முடியாது. உண்மையான தள்ளுபடிக் காலம் ஒன்றை அண்மையில் உலகம் கண்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சைக்கிளுக்கு எதிர்பாராத தேவை எழுந்தது. கடைகள் காலியாயின, பாகங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தேவை நிலைக்கும் என நம்பித் தொழில்துறை கொடுத்த ஆர்டர்கள் வந்துசேர்ந்தபோது தேவை வடிந்துவிட்டிருந்தது. 2022க்குப் பிறகு கிடங்குகள் நிரம்பி வழிந்தன. பிரித்தானியாவின் பெரிய இணைய விற்பனை நிறுவனமான விகிள் செயின் ரியாக்‌ஷன் 2023 அக்டோபரில் திவால் நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது. விலைகள் மெய்யாகவே விழுந்தன.

இத்தகைய தேக்கத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் பழுதான சைக்கிள்கள் அல்ல. அவை முந்தைய தலைமுறையின் அளவுகளில் செய்யப்பட்டவை. இங்கு ‘அளவு’ என்பது ஏறி அமர்பவரின் உயரத்துக்கான அளவன்று. ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு பொருந்தும் இடத்தின் அளவு. மேம்படுத்தல் பற்றிய பேச்செல்லாம் இங்கேதான் உயிர்பெறவோ மடியவோ செய்கிறது. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

சக்கரத்திலிருந்து தொடங்கலாம். ‘26 அங்குலம்’ என்று கடைக்காரர் சொல்லும்போது அது குறைந்தது இரண்டு வெவ்வேறு சக்கரங்களைக் குறிக்கக்கூடும். மலைச் சைக்கிளின் 26 அங்குல டயர் ரிம்மில் அமரும் விட்டம் 559 மி.மீ. பழைய சாலைச் சைக்கிள்களில் வரும் 26 × 1⅜ டயருக்கு அது 590 மி.மீ. பெயர் ஒன்று, பொருள் இரண்டு, ஒன்று மற்றொன்றில் ஏறாது. மறுபுறம், மலைச் சைக்கிளில் ‘29’ என்றும் சாலைச் சைக்கிளில் ‘700சி’ என்றும் சொல்லப்படுபவை இரண்டும் 622 மி.மீ.தான். ஒரு பொருளுக்குப் பல சொல்லும், பல பொருளுக்கு ஒரு சொல்லும் வருவதை நன்னூலார் திரிசொல் என்ற ஒரே தலைப்பில் அடக்கினார்; சைக்கிள் வணிகம் அந்த நூற்பாவுக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறது போலும். டயரின் பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் 54-584 என்பது போன்ற ஓர் இணை எண் இருக்கும். முன்னது அகலம், பின்னது விட்டம். கடையில் நம்பத்தக்க ஒரே பெயர் அதுதான்.

அடுத்து அச்சு. நெடுங்காலம் மலைச் சைக்கிளின் பின்சக்கர ஹப் 135 மி.மீ. அகலத்தில், பிடியைத் தளர்த்திக் கழற்றும் மெல்லிய அச்சோடு இருந்தது. பிறகு 12 மி.மீ. தடித்த அச்சோடு 142 மி.மீ. வந்தது. 2014இல் டிரெக், ஸ்ராம் நிறுவனங்கள் 148 மி.மீ. அளவை அறிமுகம் செய்தன. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. 135க்கும் 148க்கும் இடையே இருப்பது 13 மி.மீ., ஒரு விரலின் அகலம்கூட இல்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டர், புதிய சக்கரம் எதையும் பழைய பிரேமுக்குள் நுழைய விடாது. முன்புற ஃபோர்க்கின் மேல்தண்டும் அப்படியே. குறைந்த விலை பிரேம்களில் அத்தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில், 28.6 மி.மீ.யில் நேராகச் செல்லும். இன்றைய நல்ல காற்றழுத்த ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு அடிப்பகுதியில் அகன்றிருக்கும். ‘பிறகு ஃபோர்க்கை மாற்றிக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை, கழுத்துக்குழாயின் உள்விட்டத்தில் மோதி நிற்கிறது.

கியர்களில் கதை இன்னும் சிக்கலானது. 21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மலிவான சைக்கிளில் பின்னால் இருப்பது திருகி ஏற்றப்படும் ஃப்ரீவீல். எட்டு, ஒன்பது, பத்து கியர்களுக்குச் செல்ல விரும்பினால் பெரும்பாலும் கேசட் வேண்டும். கேசட்டுக்குத் தனிவகை ஹப் வேண்டும். ஹப் மாறினால் போக்ஸ் கட்டிச் சக்கரத்தைப் புதிதாகக் கோக்க வேண்டும். அதற்கேற்ற ஷிஃப்டர், அதற்கேற்ற செயின், பின்புறக் கியர் மாற்றி. பல மலிவு மாதிரிகளில் ஷிஃப்டரும் பிரேக் பிடியும் ஒரே வார்ப்பில் இணைந்திருக்கும். ஆகவே ஷிஃப்டரை மாற்றப்போனவர் பிரேக் பிடியையும் வாங்க வேண்டியவராகிறார். நூலைப் பிடித்து இழுத்தால் சேலையே அவிழ்ந்துவரும் கதை. போதாக்குறைக்கு, ஷிமானோ நிறுவனம் 2023 வாக்கில் சந்தைக்குக் கொணர்ந்த கியூஸ் என்ற புதிய வரிசை, இதுவரை ஆல்ட்டஸ், அசேரா, அலிவியோ எனப் பெயர்பெற்றிருந்த இடைநிலை வரிசைகளின் இடத்தைப் பிடித்துவருகிறது. பழைய ஷிஃப்டர் புதியதன் கியர் மாற்றியோடு இசையாது. தள்ளுபடிக் குவியலில் இன்று அலிவியோவும் அசேராவும் மிகுந்து காணப்பட்டால் வியப்பதற்கில்லை.

இவ்வளவும் கேட்டபின் மேம்படுத்தல் என்பதே மூடத்தனம் என்ற முடிவுக்கு வருவது எளிது. அது தவறு. மலைச் சைக்கிள் என்ற பொருளே மேம்படுத்தலில் பிறந்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள், யாரும் சீந்தாத பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சில டாலருக்கு வாங்கி, தமல்பாயஸ் மலையை ஒட்டிய மண்பாதைகளில் இறக்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும் அமைப்பு அவற்றில் இருந்தது. செங்குத்தான ஒரே இறக்கத்தில் ஹப்பிலிருந்த கிரீஸ் எல்லாம் சூட்டில் ஆவியாகிவிடும். வீடு திரும்பியதும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976 அக்டோபரில் அங்கு தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அதனால்தான்: மறுபடி அடைத்தல். கேரி ஃபிஷர் தம் பழைய ஷ்வினில் டிரம் பிரேக்கும் கியரும் பூட்டினார். ஜோ பிரீஸ் 1977இல் அதே நோக்கத்துக்கெனப் புதிய பிரேமைச் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபோது அது பேரளவு உற்பத்திப் பொருளாயிற்று. வரிசை கவனிக்கத்தக்கது: முதலில் மலிவான பழைய வண்டி, பிறகு பாகங்களின் மாற்றம், கடைசியில் தொழிற்சாலை.

அந்த இளைஞர்களுக்கு இது சாத்தியமானதற்குக் காரணம் அவர்களின் திறமை மட்டுமன்று. மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியையும் சுற்றுலாச் சைக்கிளின் கிராங்கையும் கிழட்டு ஷ்வினில் பூட்ட முடிந்தது என்றால், பொருந்துமிடங்கள் அப்போது பொதுவாகவோ, அரம் கொண்டு பொதுவாக்கத்தக்கனவாகவோ இருந்தன. இன்றைய மேம்படுத்தல் பண்பாடு அவர்களின் பெயரைச் சொல்லிக்கொள்கிறது. அவர்களுக்கு இருந்த அந்தப் பொதுநிலம் இப்போது துண்டுதுண்டாக வேலியிடப்பட்டுவிட்டது என்பதைச் சொல்வதில்லை.

இந்தியாவுக்கு அத்தகைய பொதுநிலம் மரினுக்கு முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டியாயினும், லூதியானாவின் வண்டியாயினும், அந்தக் கறுப்புச் சாலைச் சைக்கிளின் டயர் 28 × 1½. கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். செயினின் கண்ணி இடைவெளி அரை அங்குலம். நிறுவனங்களுக்கிடையே கடும் போட்டி இருந்தும் பொருந்துமிடங்களில் வேற்றுமை வளரவில்லை. திருச்சியின் பெடல் தூத்துக்குடியில் ஏறும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகியதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆண்களுக்கான வண்டியையே விரும்பிய பெண்கள் இருந்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. குறுக்குக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். அந்த இயக்கத்தின் பின்னணியில், யாரும் பேசாத ஓர் ஏற்பாடு இருந்தது: எந்த ஊரில் பழுதானாலும் அந்த ஊரின் கடையில் அதற்கான பாகம் கிடைத்தது. பொதுஅளவு என்பது ஓர் அடித்தளக் கட்டுமானம். சாலையைப் போல, ஆனால் கண்ணுக்குப் புலப்படாதது.

அக்கடைகளின் சொற்களஞ்சியமும் இதையே சொல்கிறது. அங்கே ‘கோட்டம் எடுப்பது’ உண்டு, ‘ஓவராயில் பண்ணுவது’ உண்டு, ‘மாற்றுவது’ உண்டு. ‘அப்கிரேடு’ என்பதற்கு இணையான பழைய சொல் கிடையாது. தேய்ந்ததை மாற்றுவார்கள், தேயாததை மாற்றுவதற்குச் சொல் தேவைப்படவில்லை. ஆயினும் தமிழில் ‘மாற்று’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பொன்னின் தரம் என்ற பொருளும் உண்டு; பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறார்கள். பதிலியும் தரமும் ஒரே சொல்லில் ஒலிக்கும் மொழியில், மாற்றிய பாகம் பழையதைவிட மாற்றுக் கூடியதாக இருக்கட்டும் என்று எண்ணுவது பிழையாகாது. எந்தப் பாகம் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சென்னையில் வரும் விடையும் ஜங்லிகாட்டில் வரும் விடையும் ஒன்றல்ல. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். கப்பல் கிளம்பும் நாளுக்குக் காத்திருப்பது தனி. 744 எனத் தொடங்கும் அஞ்சல் குறியீட்டை உள்ளிட்டதும் ‘இவ்விடத்துக்கு அனுப்ப இயலாது’ என்று மறுக்கும் விற்பனைத் தளங்களைத் தீவுவாசிகள் நன்கறிவார்கள். தெளிப்பான் குப்பியில் அடைத்த எண்ணெயும் சுத்தம்செய்யும் திரவமும் தீப்பற்றக்கூடியவை என்பதால் வான்வழி அஞ்சலில் ஏற்கப்படுவதில்லை. தவறான அளவில் வந்துவிட்ட ஓர் ஐந்நூறு ரூபாய்ப் பாகத்தைத் திருப்பி அனுப்புவது, அதை வாங்கியதைவிடப் பெரிய வேலை. ஆகவே இங்கே மேம்படுத்தலின் செலவு ரூபாயில் மட்டும் எண்ணப்படுவதன்று. சைக்கிள் ஓடாமல் சுவரில் சாய்ந்திருக்கும் வாரங்களும் அதில் சேரும்.

மற்றொன்று உப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பொழியும் தீவு இது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களும் நனைக்கின்றன. மழை இல்லாத நாளில் கடற்காற்று உண்டு. மலிவான ஃபோர்க்கின் உள்ளே வழுக்கி இறங்கும் குழாய்கள் குரோம் பூசிய எஃகினால் ஆனவை. பூச்சில் ஊசிமுனையளவு துரு எழுந்தால் அது ரப்பர் வளையத்தை அறுக்கும். வளையம் அறுந்தால் நீர் உள்ளே புகும். ஓரிரண்டு பருவத்தில் அந்த ‘சஸ்பென்ஷன்’ அசையாத இரும்பாகிவிடும். அசையாவிட்டாலும் அதன் எடை குறைவதில்லை. சுருள்வில் வைத்த இத்தகைய ஃபோர்க் இரண்டரைக் கிலோவை நெருங்கும். விளம்பரத்தில் மிகப் பெரிதாகக் காட்டப்படும் பாகமே இத்தீவில் முதலில் சாகும் பாகம். இதற்கு மேம்படுத்தல் என்று ஒன்று உண்டென்றால், விலையுயர்ந்த காற்றழுத்த ஃபோர்க்கைத் தேடுவதல்ல. அசைவில்லாத எளிய எஃகு ஃபோர்க்கைப் பூட்டுவது. ஒரு கிலோவுக்கு மேல் எடை குறையும், பழுதாக ஒன்றும் இராது. கவனிக்க வேண்டியது நீளம் மட்டுமே: பழையதைவிட மிகக் குட்டையான ஃபோர்க் போட்டால் முன்புறம் தாழ்ந்து, திருப்பும் தன்மை மாறிவிடும். ‘மலைச் சைக்கிளில் சஸ்பென்ஷனைக் கழற்றுவதா’ என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏற்றத்துக்கான கியர் விஷயத்திலும் இதே போக்கு பொருந்தும். முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 24 பல்லும், பின்னால் பெரியதில் 28 பல்லும் உள்ள வழக்கமான அமைப்பில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 0.86 சுற்றுச் சுற்றும். அதே ஏழு கியரில், பெரிய பல்சக்கரம் 34 பல் கொண்ட ஃப்ரீவீல் கிடைக்கிறது. பழையதைத் திருகிக் கழற்றி இதைத் திருகி ஏற்றினால் கணக்கு 0.71 ஆகும். ஏற்றம் ஏறத்தாழ 18 விழுக்காடு இலகுவாகிறது. ஹப் மாறவில்லை, ஷிஃப்டர் மாறவில்லை. செயினுக்குச் சில கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். பின்புறக் கியர் மாற்றியின் கை 34 பல்லைத் தாங்கும் நீளத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு கியர் கேசட்டைக் கனவு காண்பவர் கேட்பது இந்த இலகுவைத்தான் என்றால், அதன் பெரும்பகுதி ஒற்றைப் பாகத்தில் கிடைத்துவிடுகிறது. ஃப்ரீவீல் ஹப்புக்கு ஒரு குறை உண்டென்பதையும் மறைக்கலாகாது: வலப்புறத்தில் பால்ரஸ் உள்ளே தள்ளி அமர்வதால் அச்சின் ஒரு பகுதி தாங்கலின்றி நிற்கிறது, கனமான பையோடு குழிகளில் குதித்தால் வளையும். ஆனால் வளைந்த அச்சுக்கு மாற்று அச்சு சாதாரணக் கடையிலேயே கிடைக்கும் என்பதே அதன் பெருமை.

பிரேக்கில் கயிறு இழுக்கும் டிஸ்க்கை எண்ணெய் டிஸ்க்காக மாற்றுவது கவர்ச்சியான யோசனை. அதில் இறங்குவோர் ஒரு வேதியியல் செய்தியை நினைவில் கொள்வது நல்லது. எண்ணெய் பிரேக்குகளில் சில கனிம எண்ணெயிலும் சில ‘டாட்’ வகைத் திரவத்திலும் இயங்குகின்றன. டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். தீவின் காற்றில் எது பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன், நல்ல பேடும் புதிய கேபிளும் அமுங்காத உறையும் போட்டுப் பார்த்தால், இருக்கும் பிரேக்கே பாதிக்குமேல் சரியாகிவிடுவதைக் காணலாம். டயர் பற்றி ஒரு வரி போதும்: தார்ச்சாலையில் முள்டயர் ஓசையைத்தான் தருகிறது.

மிகக் குறைவாகப் பேசப்படும் மேம்படுத்தல் கிரீஸ். இருக்கைத்தண்டும் பெடல் திருகும் பி.பி. கிண்ணமும் புதிதாக வாங்கிய வாரமே கழற்றி, கிரீஸ் தடவி, மறுபடி பூட்டப்பட வேண்டியவை. அலுமினியமும் எஃகும் உப்புநீரோடு சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு எந்த மேம்படுத்தலும் சுத்தியலில் தொடங்கி ரம்பத்தில் முடியும். செயினுக்கு ஓர் அங்குல அளவுகோல் போதும். பன்னிரண்டு முழுக் கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றும் காலம் வந்தது. அப்போது மாற்றாவிட்டால் அது பல்சக்கரங்களையும் தின்றுவிடும். விலையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இத்தீவில் மிகுந்த பலன் தரும் ‘அப்கிரேடு’, உரிய காலத்தில் மாற்றிய செயின்தான்.

எதிர்வாதம் ஒன்றுக்கு இடம் கொடுக்க வேண்டும். பாகங்களை மாற்றிப் பார்ப்பது கல்வி. எதைக் கழற்றினால் எது அவிழும் என்று கற்பவர் தம் பொருளின் உரிமையாளராகிறார். பொருந்தாமல் போவதும் அக்கல்வியின் பகுதியே என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கல்விக்குக் கட்டணம் யார் செலுத்துகிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும். பெங்களூரில் வாரம் ஒருமுறை விளையாட்டாகச் சைக்கிளில் செல்பவருக்குப் பொருந்தாத ஹப் ஒரு சுவையான கதை. நாள்தோறும் வளாகத்துக்குச் செல்ல வேறு வழியற்ற மாணவருக்கு அது ஒரு மாதத்துப் பேருந்துக் கட்டணமும் தவறிய வகுப்புகளும். மேலும், முழுச் சைக்கிளாகச் சேர்த்து விற்கும் நிறுவனம் பாகங்களை மொத்த விலையில் பெறுகிறது. தனித்தனியே வாங்குபவர் சில்லறை விலையைத் தருகிறார். 15,000 ரூபாய்ச் சைக்கிளில் மேலும் 12,000 செலவிட்டவருக்கு 27,000 ரூபாய்ச் சைக்கிள் கிடைப்பதில்லை. அந்தப் பணத்துக்கு முதலிலேயே நல்ல பிரேமோடு வந்திருக்கக்கூடிய வண்டியைவிட எப்போதும் ஒருபடி தாழ்ந்ததே கிடைக்கும்.

இதனால் தள்ளுபடியைத் தவிர்க்க வேண்டும் என்பதல்ல வாதம், நேர்மாறாகவும் சொல்லலாம். தொழில்துறை தள்ளிவிட்ட அளவுகளுள் இருவகை உண்டு. ஒன்று, நெடுங்காலம் பரவலாக வழங்கியபின் மேல்தட்டுச் சந்தையிலிருந்து நீங்கியது: 26 அங்குல (559) சக்கரம், சதுர முனை பி.பி. ஆக்சில், ஏழு எட்டு கியர், 135 மி.மீ. ஹப். இவற்றுக்கான பாகங்கள் இந்தியாவின் எளிய கடைகளில் இன்னும் பல்லாண்டுகள் கிடைக்கும். மற்றொன்று, சில ஆண்டுகளே வாழ்ந்து, பரவுமுன் கைவிடப்பட்டதும், ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உரியதும். ஒற்றைக்கால் கொண்ட கேனண்டேலின் ‘லெஃப்டி’ ஃபோர்க் அழகான பொறியியல். அதற்கென்றே செய்த ஹப் இல்லாமல் சக்கரம் மாட்ட முடியாது. தள்ளுபடியில் முதல்வகை கிடைத்தால் தீவில் இருப்பவர் தயங்காமல் வாங்கலாம். பந்தய வீரருக்குப் பழையதாகிவிட்டது அவருக்கு ஏற்றதாகிவிட்டது. இரண்டாம்வகை எழுபது விழுக்காடு தள்ளுபடியில் கிடைத்தாலும் அதைத் தொடாமல் இருப்பதே நலம்.

தீவுகளுக்குச் சைக்கிளில் பெயர் தேடித்தந்தவர்களின் வண்டிகளை இங்கு நினைத்துப் பார்க்கலாம். கார் நிக்கோபாரில் பிறந்து, ஒன்பது வயதில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உயிர்தப்பிய டெபோரா ஹெரால்டும், 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கிலில் இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் ஓட்டியவை தடகளச் சைக்கிள்கள். அவற்றில் கியர் மாற்றி கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஓடுதளமும் சாலையும் வெவ்வேறு என்பது உண்மையே. ஆயினும் 21, 24, 27 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதுதான் சைக்கிளின் வளர்ச்சி என்ற விளம்பர இலக்கணத்துக்கு இது ஒரு விதிவிலக்கு.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிப் பொறுப்பை முழுவதும் அவர்மேல் சுமத்துவதும் நியாயமன்று. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கெனத் தளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், கைப்பேசியும் கைக்கணினியும், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள். சைக்கிள் அதில் பெயர் பெறவில்லை. பழுதுபார்ப்பதற்கு எளிதான பொருள் என்ற பழைய நற்பெயரே இப்போது அதற்கு எதிராகிவிட்டது. கறுப்புச் சாலைச் சைக்கிளை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆனால் பள்ளி, கல்லூரி மாணவர் இன்று கேட்பது கியர் சைக்கிளை. அதன் பொருந்துமிடங்கள் கைப்பேசியின் மின்னேற்று முனைகளைவிட வேகமாக மாறிவந்திருக்கின்றன.

வேண்டப்படுவது பெரிய சட்டமும் அல்ல. அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடும் அதே அட்டையில் ஆறு எண்களை அச்சிடலாம்: டயர் அமரும் விட்டம், முன் ஹப்பின் அகலம், பின் ஹப்பின் அகலம், ஃபோர்க் தண்டின் விட்டம், பி.பி.யின் வகை, பின்புறத்தில் இருப்பது ஃப்ரீவீலா கேசட்டா என்பது. இவை நிறுவனத்துக்குத் தெரியாதவை அல்ல. வரைபடத்திலிருந்து அட்டைக்கு வர வேண்டியவை, அவ்வளவே. இணைய விற்பனையில் ‘ஹை குவாலிட்டி ஸ்டீல்’, ‘பிரீமியம் லுக்’ என்று நிரப்பப்படும் இடத்தில் இவற்றுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் செய்யத்தக்க ஒன்று உண்டு. 1967இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியிலோ, புரூக்‌ஷாபாத் வளாகத்திலோ, சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரம் ஒரு மேசை, அதில் ஃப்ரீவீல் கழற்றி, செயின் அறுப்பான், கிராங்க் இழுப்பான், போக்ஸ் சாவி, ஒரு டப்பா கிரீஸ். இந்தச் சிறப்புக் கருவிகளை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே வாங்குவது வீண். பலர் வாங்குவதும் இல்லை, சுத்தியலைத் தேடுகிறார்கள். அம்மேசைக்கு வாரம் ஒருநாள் ஜங்லிகாட்டின் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால், கோட்டம் எடுக்கும் கை எப்படி அசைகிறது என்பதை மாணவர்கள் பார்த்துக் கற்கலாம். விருந்தினர் விரிவுரைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். விண்ணப்பப் படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அலுவலகம் கேட்கக்கூடும். அதை அலுவலகத்தாரே தீர்த்துக்கொள்ளட்டும்.